இருபத்தொரு படங்கள்

நாச்சிமுத்து வீட்டுக்கு நான் மாதம் ஒருமுறை போவேன். மெட்ரோவில் கணபதியில் இறங்கிப் பத்து நிமிட நடை. தலைக்குள் சிப் பொருத்திக்கொண்டவர்களின் வீடுகளுக்குப் போய், கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது பதினோரு வருடமாக என் வேலை. கோவை வட்டாரத்தில் என் பொறுப்பில் நாற்பத்தாறு வீடுகள். முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வரும்போதும் அழுதிருக்கிறேன். அப்புறம் அழுகை நின்று முதுகுவலி வந்தது.

நாச்சிமுத்து பம்ப் கம்பெனி ஒன்றில் இயந்திரங்களுக்கு ப்ரோகிராம் எழுதியவர். நாற்பத்தாறு வயதில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துக் கீழே விழுந்தார். பிழைத்தார். ஆனால் கண்ணை மேலும் கீழும் உருட்டுவதைத் தவிர உடம்பில் எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் கொடுமை என்று அவர் மனைவி வசந்தாமணி முதல் நாளே என்னிடம் சொன்னார்.

எங்கள் சிப் செய்வது ஒரே ஒரு காரியம். நோயாளி வலது கையை இறுக மூடுவதாக நினைத்தால் அதை உணர்ந்துகொள்ளும். கட்டிலுக்கு எதிரே ஒரு திரை. அதில் எழுத்து வரிசைகளின் மேல் ஒரு வெளிச்சக் கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்தின் மேல் அது வரும்போது மனதுக்குள் கையை மூட வேண்டும். ஓர் எழுத்துக்கு ஆறேழு வினாடி. ஒரு வாக்கியத்துக்கு நாலு நிமிடம்.

அந்த எழுத்துகள் போய் விழும் இடம் எடிட்டர் என்ற பழைய எழுதும் மென்பொருள். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதியது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, பட்டன் கிடையாது. சின்னக் கருவிக்கு அது பாரமாக இருக்காது என்று எங்கள் ஆட்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குள்ளேயே ப்ரோகிராம் எழுதி, அதற்கே புதுப்புது வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாம். எங்கள் நோயாளிகளில் யாரும் அதைத் தொட்டதில்லை. நாச்சிமுத்து தொட்டார்.

முதல் ஐந்து வருடம் அவர் எழுதியதை வசந்தாமணியால் மட்டும்தான் படிக்க முடிந்தது. நேரத்தை மிச்சப்படுத்த அவர் ஒற்றை எழுத்துகளில் பேசினார். காலையில் 'த' என்றால் தண்ணீர். மத்தியானம் அதே 'த' தலையணையை நகர்த்தச் சொல்வது. 'த' போட்டுவிட்டு மேலே பார்த்தால், தம்பி போன் பண்ணினானா என்று கேட்கிறார். எழுதியதைக் குரலில் படித்துக்காட்டும் வசதி கருவியில் இருந்தது. அது 'த' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். உதவிக்கு வந்த ஆட்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. கல்லூரி வேதியியல் லேபில் பார்த்த வேலையை வசந்தாமணி விட்டுவிட்டார்.

"குளிக்கப் போனாக்கூட கதவைத் தொறந்து வெச்சுட்டுத்தான் குளிக்கறனுங்க ஜெசி," என்றார் ஒருமுறை. "அவுரு எதைச் சொன்னாலும் நான் எதிர்ல நின்னு அவுரு மூஞ்சியப் பார்த்தாத்தான் வெளங்கும்."

குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனி இல்லை. குறை சொல்லும் தெம்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

ஆறாவது வருடம் மார்ச் மாதம் நான் போனபோது கருவிக்குள் ஒரு கோப்பு பெரிதாகியிருந்ததைக் கவனித்தேன். பதினோரு மாதமாக, ஒரு நாள் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது.

"அண்ணன் என்னக்கா எழுதறாரு?"

"தெரியலைங்க. மத்தியானம் நான் கண்ணசர்ற நேரம் பார்த்து எழுதுவாரு. உயிலுன்னு நெனச்சேன். கேட்டா கண்ணை மூடிக்குவாரு."

கோப்பைத் திறந்தேன். அது ப்ரோகிராம். நாச்சிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையில் எழுத்துகள் வந்தன: 'ஓட்டு'. ப்ரோகிராமை ஓட்டினேன்.

கறுப்புத் திரை ஒருமுறை மினுங்கியது. எழுத்துகள் மறைந்து திரை முழுக்கச் சதுரங்கள் வந்தன. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு படம். தம்ளர், மின்விசிறி, ஒருக்களித்துப் படுத்த ஆள், சளி உறிஞ்சும் குழாய். பல்லைக் கடித்த ஒரு முகம் வலிக்கு. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இரண்டு முகங்கள். எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று. வெளிச்சக் கட்டம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, இந்த எடிட்டருக்குப் படமே தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும்."

"அப்புறம் இது எப்படிங்க வந்துச்சு?"

"இவரு கத்துக்குடுத்திருக்காரு. கோடு எப்படிப் போடணும், வட்டம் எப்படிப் போடணும்னு ஒவ்வொண்ணா. அந்தத் தம்ளர் வெறும் நாலு கோடு. ஒவ்வொரு கோடும் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியணும்னு நம்பர் எழுதணும். அந்த ஒரு தம்ளருக்கே ஒரு வாரம் ஆயிருக்கும்."

வசந்தாமணி திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "கோணலா இருக்குதுங்களே," என்றார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசிச் சதுரத்தில் ஒரு பென்சில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய எழுத்துத் திரை வரும். நாச்சிமுத்து அதைத் தேர்ந்தெடுத்து, 'வே ஆ போ ம வே' என்று எழுதினார். வசந்தாமணி பழக்கத்தில் சத்தமாகப் படித்தார்.

"வேற ஆளு போடு. மணி வேலைக்குப் போகட்டும்."

மணி என்பது தன்னைத்தான் என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, என்னைப் பார்த்துச் சலிச்சுப் போச்சுங்களா உங்களுக்கு?"

திரை சதுரங்களுக்கு மாறியது. வெளிச்சக் கட்டம் நிதானமாக நகர்ந்து வந்து 'இல்லை' முகத்தில் நின்றது.

அடுத்த மாதம் சோம்ரா வந்தான். ஜார்க்கண்டிலிருந்து நூல் மில்லுக்கு வந்து, மில் மூடியபின் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறியவன். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தப் படங்களை அவன் அரை நாளில் புரிந்துகொண்டான். ஜூன் மாதம் வசந்தாமணி அதே லேபில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனதாகச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

இதுவரை நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. இதற்கப்புறம் நடந்ததில் என் கை இருக்கிறது.

அந்தச் சதுரங்களை நான் மொபைலில் படம் பிடித்து, மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று சென்னை அலுவலகத்துக்கு அனுப்ப நாச்சிமுத்துவிடம் அனுமதி கேட்டேன். அவர் 'எ' என்றார். எடுத்துக்கோ. பிறகு, வழக்கமே இல்லாமல், ஒரு எழுத்தையும் சுருக்காமல் 'பென்சில் முக்கியம்' என்று எழுதினார். அதை என் மின்னஞ்சலின் கடைசி வரியில் சேர்த்தேன்.

ஐந்து மாதம் கழித்து எங்கள் பிரிவுத் தலைவர் ஷியாம்சுந்தர் கோவைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் களைத்துப்போனவர்தான். நாடு முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்கு அந்தச் சதுரங்களைப் போட்டிருந்தார்கள். அழகான படங்களாக மாற்றியிருந்தார்கள். தம்ளர் நேராக இருந்தது.

"ஒருத்தருக்கு எழுத்துல பேசப் பழக்கிவிட ஏழு மாசம் ஆகுது ஜெசிந்தா," என்றார். "இது ரெண்டே வாரம். எத்தனை பேர் வரிசைல காத்துட்டிருக்காங்க தெரியுமா? எழுத்தை எடுத்துட்டா எல்லாருக்கும் சீக்கிரம் குடுத்துடலாம்."

"ரெண்டும் இருக்கட்டுமே சார்."

"ரெண்டையும் பராமரிக்க ஆள் இல்ல. இந்தக் கணக்கைப் பாருங்க. ரெண்டும் இருக்கற வீட்லயும் நூத்துக்குத் தொண்ணூத்தாறு தடவை படத்தைத்தான் எடுக்கறாங்க. நாலு தடவைதான் எழுத்து."

"அந்த நாலுதான் சார் பேச்சு. மீதியெல்லாம் தேவை."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. "உங்க வட்டாரத்து அறிக்கை மட்டும்தான் பாக்கி," என்றார்.

அறிக்கையில் ஒரு கேள்வி: நோயாளிகளின் அன்றாடத் தேவைகளுக்குப் படங்கள் போதுமானவையா? கேள்வி அப்படித்தான் கேட்கப்பட்டிருந்தது. அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது எனக்கு. முதுகு வலித்தது. கூட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதிய பதிப்பு ஜனவரியில் எல்லாக் கருவிகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்பது நாள் கழித்து, வழக்கமான சுற்றில் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். மாலை நாலு மணி. சோம்ரா கதவைத் திறந்தான். நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

"அண்ணனுக்கு ரொம்ப வலி அக்கா," என்றான் சோம்ரா. "வலி வலின்னு அமுக்கிட்டே இருக்காங்க. டாக்டர் ரெண்டு வாட்டி வந்தாச்சு. ஊசி போட்டாங்க. நான் எண்ணெய் தேச்சு விட்டேன், திருப்பிப் போட்டேன், நிக்கலை."

கருவியின் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது நாளில் அறுபத்தொரு முறை வலி. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் மொத்தம் ஏழு.

திரையைப் பார்த்தேன். கடைசிச் சதுரத்தில் பென்சில் இல்லை. அங்கே கும்பிடும் இரண்டு கைகள் இருந்தன. கீழே 'நன்றி' என்று எழுதியிருந்தது.

வசந்தாமணி நாலரைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லவேளை வந்தீங்க, இந்த வலிக்கு ஒரு வழி சொல்லுங்க," என்றார்.

"அக்கா, அண்ணன் கடைசியா எப்ப எழுதினாரு?"

"எழுதினதுங்களா? போன வாரம்..." யோசித்தார். "இல்லீங்க. பொங்கலுக்கு மொதல்ல. அப்ப என்னமோ..." நிறுத்தினார். நான் கடைசிச் சதுரத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். என் கையெழுத்தையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஒம்பது நாளா அவுரு ஒரு வார்த்தை பேசலைங்களா? வலி வலின்னு அமுக்கினது இதுக்குத்தானா? எனக்குத் தெரியாமப் போச்சே. தண்ணி கேட்டாரு, குடுத்தோம். திருப்பச் சொன்னாரு, திருப்பினோம். நேத்து நன்றின்னுகூட அமுக்கினாரு. வலி ஒண்ணுதான், மத்தபடி நல்லா இருக்காருன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

நான் வாசலுக்குப் போய் ஷியாம்சுந்தரைக் கூப்பிட்டேன். பழைய எடிட்டர் கருவிக்குள்தான் மூடிக் கிடந்தது. திறக்க எனக்குத் தெரியும். அனுமதி கேட்டேன்.

"சான்றிதழ் வாங்கின பதிப்பை மாத்தறது சட்டப்படி குத்தம் ஜெசிந்தா. அதுவும் இல்லாம, நானூறு வீட்ல இருந்தும் ஒரு புகார்கூட வரலையே."

"புகாருக்கு அதுல படம் இல்ல சார்."

"நீங்க கேட்டதா நான் எழுதி வைக்கப் போறதில்ல," என்று சொல்லி வைத்துவிட்டார். அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் நான் இருந்தது இருபத்திரண்டு நாள். அதற்குள் என் நாற்பத்தாறு வீடுகளில் முப்பத்தெட்டுக்குப் போய்ப் பழைய எடிட்டரைத் திறந்துவிட்டேன். மீதி எட்டு வீட்டுக்காரர்களின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். மற்ற வட்டாரங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

அன்று போனை வைத்துவிட்டு நான் உள்ளே வந்தபோது நாச்சிமுத்து விழித்திருந்தார். ஊசி மருந்தின் மப்பு கண்ணில் இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, பென்சிலை எடுத்தது எங்க ஆளுங்க. நானும்தான். இப்பத் திறந்து குடுத்துர்றேன். கம்பெனி ஒத்துக்கல. கருவிக்கு ஏதாவது ஆனா அவங்க பொறுப்பெடுக்க மாட்டாங்க. உங்க சம்மதம் வேணும். திறக்கட்டுங்களா?"

அவர் கண்கள் வசந்தாமணியிடம் போயின. அவருடைய தோள்பையைப் பார்த்தன, லேப் அடையாள அட்டையைப் பார்த்தன. வெளிச்சக் கட்டம் நகர்ந்தது. 'இல்லை' முகத்தில் நின்றது.

தவறுதலாக இருக்கும் என்று மறுபடி கேட்டேன். மறுபடி 'இல்லை'.

"கருவி கெட்டுப்போயிடும்னு பயமா?"

இல்லை.

"எனக்குப் பிரச்சினை வரும்னு யோசிக்கிறீங்களா?"

கட்டம் இரண்டு சுற்று சும்மா போனது. பிறகு, இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வசந்தாமணி முன்னால் வந்தார். "நான் கேக்கறேன் தள்ளுங்க. ஏனுங்க, எழுத்து வந்துச்சுன்னா, இந்த ஒம்பது நாளை நெனச்சு நான் வேலைய விட்டுப்போட்டு மறுக்கா இங்கயே உக்காந்துக்குவன்னு நெனைக்கறீங்களா?"

ஆம்.

"அதுக்காகப் பேசாமயே இருந்துக்குவீங்களா? சாகற வரைக்கும்?"

கட்டம் ஒரு சுற்று போனது. ஆம்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "ஆரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க? பதினோரு மாசம் என்கிட்டச் சொல்லாம ஒளிச்சு ஒளிச்சுப் படம் போட்டீங்க. இப்ப வாயவும் நீங்களே மூடிக்கறீங்க. ஆறு வருசம் நான் உக்காந்திருந்தது தண்ணி குடுக்கறதுக்குன்னா நெனச்சீங்க? தண்ணி சோம்ரா குடுப்பான். எனக்குச் சலிச்சுப் போச்சுங்க, நெசந்தான், தூக்கமில்லாமச் சலிச்சுப் போச்சு. உங்க பேச்சு சலிச்சுப் போச்சுன்னு எப்பவாச்சும் சொன்னனா?"

சோம்ரா கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சக் கட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. எதிலும் நிற்கவில்லை.

வசந்தாமணி பையைக் கழற்றி வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "நான் வேலைய விட மாட்டேன். அது சத்தியம். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு மணி நேரம். அதுல தண்ணி, தலையணை, சளி எதுவும் கெடையாது. அதெல்லாம் படத்துல கேட்டுக்கோங்க. சும்மா பேசறதுக்கு மட்டும். அதுக்குச் சம்மதமா, இல்லையா?"

கட்டம் தம்ளரைத் தாண்டியது, மின்விசிறியைத் தாண்டியது. ஒரு முழுச் சுற்று. இன்னொரு சுற்று. நாச்சிமுத்துவின் கண் ஓரத்திலிருந்து நீர் காதை நோக்கி வழிந்தது. வசந்தாமணி துடைக்கவில்லை, காத்திருந்தார்.

ஆம்.

நான் மடிக்கணினியைச் செருகினேன். ஐந்து நிமிட வேலை. கும்பிடும் கைகள் மறைந்து பென்சில் வந்தது. அடுத்த சுற்றிலேயே அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். கறுப்புத் திரை திறந்தது.

அது காலியாக இல்லை. புதிய பதிப்பு வந்து மூடிய நொடியில் அவர் எழுதிக்கொண்டிருந்தது அப்படியே இருந்தது. சுருக்கமில்லாமல், முழு எழுத்தில்.

'மணி நீ நேத்து சொன்னது சரிதான் ஆனா'

அதற்கு மேல் இல்லை. வசந்தாமணி அதை இரண்டு முறை படித்தார். "நான் என்னங்க சொன்னேன் அன்னைக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நினைவு வரவில்லை. அவரிடம் திரும்பினார். "ஆனான்னா? ஆனா என்னங்க? சொல்லுங்க."

கட்டம் எழுத்துகளின் மேல் நகரத் தொடங்கியது. ஊசி மருந்தால் அவருக்கு வேகம் குறைந்திருந்தது. இரண்டு எழுத்தைத் தப்பாக எடுத்து அழித்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று நிமிடம் ஆனது.

'மறந்து போச்சு'

வசந்தாமணி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு என்னவாகவோ மாறி, மூக்கைச் சிந்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரவாயில்லீங்க. வேற ஏதாச்சும் பேசுங்க," என்றார்.

சோம்ரா டீ போடப் போனான். நான் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே வசந்தாமணி அவரோடு எதற்கோ சண்டை பிடிப்பது கேட்டது. குரல் வரும். பிறகு மூன்று, நாலு நிமிடம் ஒரு சத்தமும் இருக்காது. மறுபடி குரல், முன்னைவிடக் கோபமாக. கேட்டருகில் நின்று, அந்த அமைதி இன்னும் இரண்டு தடவை வந்து போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மெட்ரோவுக்கு நடந்தேன்.